அண்ணாமலை நகர் விடுதிக்குப் போகும் மகளும், அப்பச்சியின் சிட்டையில் இருக்கும் மகமைக் கணக்கும்

வினா எழுப்பியவர்: கண்டனூர்க்காரர்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் விடுதியில் கொண்டுபோய் விட வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து அங்கே படிக்கப் போகும் இரண்டாவது ஆள் அவள். முதலாமவர் என் தந்தையார். எங்கள் வழக்கில் அப்பச்சி. 1955 முதல் 1958 வரை அங்கே தங்கிப் பொருளாதாரம் ஆனர்ஸ் படித்தார். அவர் காலமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. உயிரோடு இருந்தபோது சிதம்பரத்து நாட்களைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை, நாங்களும் உட்கார்ந்து கேட்டதில்லை.

போன வாரம் மகளுக்குக் கொடுத்தனுப்ப ஒரு நல்ல தகரப் பெட்டி கிடைக்குமா என்று வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டு அறையைத் திறந்து தேடியபோது, அப்பச்சியின் பழைய பெட்டிக்குள் அவருடைய மாணவர் காலத்துச் சிட்டை, அதாவது கணக்குக் குறிப்பேடு, அகப்பட்டது. நீளவாக்கில் தைத்து, சிவப்புத் துணி ஒட்டிய அட்டை போட்டிருக்கிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே ‘சிவமயம்’, அதற்கும் கீழே ஊரும் தேதியும். இரங்கூனுக்கோ பினாங்குக்கோ கொண்டு விற்கப் போகும் பையனுக்கு எப்படி ஒரு சிட்டையைத் தைத்துக் கொடுப்பார்களோ, அப்படியே படிக்கப் போன பையனுக்கும் என் ஐயா, அதாவது அப்பச்சியின் தந்தையார், தைத்துக் கொடுத்திருக்கிறார் என்று தெரிகிறது. மெஸ் பணம், சலவை, சனிக்கிழமைக் குளியலுக்கு நல்லெண்ணெய், சீயக்காய், மைக்கூடு, மார்கழித் தேர் பார்க்கப் போன குதிரை வண்டி என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார்.

இவற்றுக்கு நடுவே எனக்கு விளங்காத இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஊரிலிருந்து மணியார்டர் வந்த ஒவ்வொரு முறையும், வரவு எழுதிய கையோடு ‘மகமை’ (கோயிலுக்கும் அறத்துக்கும் எடுத்து வைக்கும் பங்கு) என்று ஒரு வரி எழுதித் தொகையைத் தனியே நிறுத்தியிருக்கிறார். 40 ரூபாய் வந்த மாதங்களில் மகமை 1-4-0 (ரூபாய்-அணா-பைசா). 50 ரூபாய் வந்த மாதங்களில் 1-9-0. கடையில் வேலை பார்க்காத, சம்பாத்தியம் ஏதுமில்லாத மாணவருக்கு மகமை எங்கிருந்து வந்தது? இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு முறை தை அல்லது மாசியில், ‘மகமையிலிருந்து பரீட்சைப் பணம் ரூ. 12’ என்று பற்று எழுதப்பட்டிருக்கிறது. யாருடைய பரீட்சைப் பணம் என்பது எழுதப்படவில்லை. அவருடைய சொந்தப் பரீட்சைப் பணம் வேறு பக்கத்தில் தனியாக இருக்கிறது.

அங்கே படித்தவர்களுக்கு இந்த வழக்கம் தெரியுமா? அந்தப் பழைய வளாக வாழ்க்கையில் இன்றும் மிஞ்சியிருப்பது என்ன? நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நிறுவிய இடத்துக்குப் போகிறாள் என்பதால், பெருமை பேசி அனுப்புவதோடு நில்லாமல், உண்மையாகவே பயன்படும் ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்ப விரும்புகிறேன்.

மறுமொழி 1: மகிபாலன்பட்டித் தமிழாசிரியர் (ஓய்வு)

அன்புடையீர், உங்கள் வினாவைப் படித்ததும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. 40 ரூபாய்க்கு 1-4-0 என்றால் இருபது அணா, ரூபாய்க்கு அரையணா. 50 ரூபாய்க்கு 1-9-0 என்றால் இருபத்தைந்து அணா. அதுவும் ரூபாய்க்கு அரையணாவே. ஆக, உங்கள் அப்பச்சி மனத்தில் தோன்றிய தொகையை எடுத்து வைக்கவில்லை. ஒரு விகிதம் வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து வந்த பணத்தையே வரவாகக் கருதி, செலவைத் தொடங்குவதற்கு முன்பே மகமையைப் பிரித்திருக்கிறார். கடை வைத்தவர்கள் வரவில் இத்தனை என்று கோயிலுக்கும் அறத்துக்கும் எடுத்து வைத்த முறை இது. அதைப் பார்த்து வளர்ந்த பையன், கடை இல்லாவிட்டாலும் சிட்டை இருக்கிறதே என்று கைக்கொண்டிருக்கிறார். 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்ததே, அந்தப் பக்கங்களைப் பாருங்கள். 40 ரூபாய்க்கு அவர் 1.25 என்று எழுதியிருந்தால் என் கணக்கு சரி.

நான் 1973 முதல் 1975 வரை அங்கே தமிழ் முதுகலை படித்தேன். உங்கள் அப்பச்சிக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிற்பட்டவன். அவர் காலத்து வழக்கத்துக்கு நான் சாட்சி சொல்ல முடியாது. எங்கள் காலத்து வழக்கத்தைச் சொல்கிறேன். விடுதியில் எங்கள் தாழ்வாரத்தில் இருந்தவர்கள், ஊரிலிருந்து பணம் வந்த அன்று ஓர் ஆர்லிக்ஸ் பாட்டிலில் கொஞ்சம் காசு போடுவோம். அந்தப் பாட்டில் மூத்த மாணவர் ஒருவருடைய அறை அலமாரியில் இருக்கும். தேர்வுக்குப் பணம் கட்டக் கடைசி நாள் நெருங்கும்போது யாராவது ஒருவன் முகம் வாடித் திரிவான். அவன் வந்து கேட்க வேண்டியதில்லை. அந்த மூத்தவர் அலுவலகத்துக்குப் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு, ரசீதை அவன் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு வந்துவிடுவார். யாருக்குக் கட்டினார் என்பதை மற்றவர்களிடம் சொல்ல மாட்டார். உங்கள் சிட்டையில் பெயர் இல்லாமல் இருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். கணக்கு எழுதப்பட வேண்டும் என்பதால் தொகை இருக்கிறது. பெற்றவர் தலைகுனியக் கூடாது என்பதால் பெயர் இல்லை.

இப்போது நம் பக்கத்து உறவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1881இல் கானாடுகாத்தானில் பிறந்த அண்ணாமலைச் செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் ஸ்ரீமீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். தமிழுக்கும் வடமொழிக்கும் இசைக்கும் தனித்தனியே கல்லூரிகளைப் பின்னர் அமைத்தார். அவற்றையெல்லாம் 20 இலட்சம் ரூபாயோடு சேர்த்துக் கொடுத்ததால், 1928இல் சட்டம் நிறைவேறி, 1929இல் பல்கலைக்கழகம் உருவாயிற்று. இதில் பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. அக்காலத்துப் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவும் ஊர் ஊராக இருந்த கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு நடத்திப் பட்டம் கொடுத்து வந்தன. அண்ணாமலை அப்படி அமையவில்லை. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கி, அங்கேயே கற்பித்து, அங்கேயே கற்கும் உறைவிடப் பல்கலைக்கழகமாக அது பிறந்தது. இரயில் பாதைக்கு மேற்கே தில்லைக் கோயிலும் ஊரும், கிழக்கே அண்ணாமலை நகரும் என்று ஆகிவிட்டதால், மாலை நேரம் முழுவதையும் மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் கழித்தாக வேண்டும். எங்கள் பாட்டில் போன்ற வழக்கங்கள் அப்படிப்பட்ட இடத்தில்தான் வேர் பிடிக்கும்.

தமிழ்த் துறையைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டிப் பேசினால் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் என் ஊர் அதில் கலந்திருக்கிறது. பல்கலைக்கழகம் ஆவதற்கு முன்பே, மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக உ.வே. சாமிநாதையர் இருந்திருக்கிறார். பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஈழத்து மட்டக்களப்பிலிருந்து வந்த விபுலானந்த அடிகள். அடுத்து நாவலர் சோமசுந்தர பாரதியார். அந்த வரிசையில் எங்கள் மகிபாலன்பட்டியிலிருந்து போனவர் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார். இளமையிலேயே கால் நலிவுற்று, ஊன்றுகோலின் துணையோடு நடந்தவர். முறையான பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. அவர் 1909இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபையை நிறுவத் துணை நின்று, பிறகு அண்ணாமலை நகரில் பேராசிரியராக அமர்ந்தார். அவரிடம் பாடம் கேட்டவர் மேலைச்சிவபுரி வ.சுப. மாணிக்கனார். பர்மாவில் கடைப்பையனாக இருந்த காலத்தில், முதலாளி உள்ளே இருக்கும்போது இல்லை என்று சொல்லச் சொன்னார்கள் என்றும், அதற்கு இணங்காமல் வேலையை இழந்து ஊர் திரும்பினார் என்றும், அவரைப் பொய் சொல்லா மாணிக்கம் என்று அழைப்பார்கள் என்றும் நம் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. அவர் காரைக்குடி அழகப்பா கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றி முதல்வராகவும் இருந்துவிட்டு, தாம் படித்த அண்ணாமலைக்கே துறைத்தலைவராகப் போனார். நான் படிக்கச் சென்றபோது அவரே துறைத்தலைவர். அந்தப் படிக்கட்டில் ஏறும்போது, எங்கள் ஊர்ப் பெரியவர் ஏறிய படிக்கட்டில் அவருடைய மாணவர் ஏறுகிறார், அவருக்குப் பின்னே நானும் ஏறுகிறேன் என்ற நினைவு எனக்கு ஒரு நாளும் விலகியதில்லை.

மறுமொழி 2: வேளாண் மாணவி, மூன்றாம் ஆண்டு

ஐயா, உங்கள் மகள் சேரவிருக்கும் புலத்திலேயே நான் படிக்கிறேன். சொந்த ஊர் கோனாபட்டு. நடப்பதைச் சொல்கிறேன்.

முதலில் பெட்டியைப் பற்றி. தகரப் பெட்டி வேண்டாம். அது விடுதிக் கட்டிலுக்கு அடியில் நுழையாவிட்டால் நான்கு ஆண்டுகளும் காலை இடித்துக்கொண்டே இருக்கும். சக்கரம் வைத்த பெட்டி ஒன்றும், வாளி, கொசுவலை, கைவிளக்கும் போதும். வளாகம் மிகப் பரந்தது, ஆகவே ஒரு மிதிவண்டி இருந்தால் நல்லது. வயல் வகுப்புகள் விடியற்காலையில் இருக்கும். சேற்றில் இறங்க ஒரு பழைய சட்டையும் முழங்கால் வரை மடிக்கக்கூடிய கால்சட்டையும் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நம் பக்கம் ஊருணியையும் கண்மாயையும் பார்த்து வளர்ந்தவளுக்கு, அங்கே வாய்க்காலில் ஓடிவரும் காவிரி நீரும் கண்ணுக்கு எட்டிய வரை தெரியும் நெல் வயலும் முதல் மாதம் வியப்பாக இருக்கும். இறுதியாண்டில் ஒரு கிராமத்தில் தங்கி உழவர்களோடு பணியாற்றும் பயிற்சியும் உண்டு.

மரபு என்று கேட்டீர்கள். எனக்குப் பிடித்தது ஒன்று இருக்கிறது. வளாகத்தை ஒட்டியே திருவேட்களம் கோயில் இருக்கிறது. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். தில்லை எல்லைக்குள் இரவு தங்க அஞ்சிய சம்பந்தர் திருவேட்களத்தில் தங்கிக்கொண்டு, பகலில் தில்லைக்குச் சென்று வழிபட்டார் என்று பெரிய புராணம் சொல்வதை என் அறைத்தோழி முதல் வாரத்திலேயே எனக்குச் சொன்னாள். அவள் திருவாரூர்க்காரி. தேர்வுக்கு முந்தைய மாலை அந்தக் கோயிலுக்குப் போய்வருவது எங்கள் தாழ்வாரத்தில் வழக்கம். முதலாண்டுப் பெண்களை மூத்தவர்கள் கூட்டிக்கொண்டு போவார்கள். உங்கள் மகளை நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

மறுமொழி 3: கோட்டையூர் ஆசிரியை

மதிப்பிற்குரிய ஐயா, நான் அண்ணாமலையில் படிக்கவில்லை. காரைக்குடியிலேயே, அழகப்பர் வளாகத்தில், பேருந்தில் போய்ப் பேருந்தில் திரும்பிப் படித்தவள். சிதம்பரத்துக்குப் போகும் பிள்ளை நம் வீட்டு வாசலில் இருக்கும் மரபையும் அறிந்துகொண்டு போக வேண்டும் என்ற ஆசையால் எழுதுகிறேன். இரண்டும் ஒரே மகமையிலிருந்து வந்தவை.

எங்கள் கோட்டையூரில் 1909இல் பிறந்த இராம. அழகப்பச் செட்டியார் 1947 ஆகஸ்டில், நாடு விடுதலை பெறுவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது, காரைக்குடியில் காந்தி மாளிகையில் கலைக் கல்லூரியைத் தொடங்கினார். அப்போது கல்லூரிக்கென்று சொந்தக் கட்டடம் கிடையாது. மறு ஆண்டு, 1948 ஜூலை 25இல், நேரு வந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதற்கு அழகப்பர் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும். கள்ளியும் முள்ளும் மண்டிய செம்மண் காட்டில் ஓர் அறிவியல் ஆய்வகம் வரும் என்று அன்றைக்கு யார் எண்ணியிருப்பார்கள்? பொறியியல், ஆசிரியப் பயிற்சி, உடற்கல்வி என்று அவர் வரிசையாகத் தொடங்கியவற்றைச் சுற்றியே 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. சென்னையில் இன்றும் மாணவர்கள் ஏ.சி. டெக் என்று அழைக்கும் கல்லூரியும் அவர் கொடுத்த பணத்தில் 1944இல் பிறந்தது.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட நெருக்கமானது பெண்கள் கல்லூரியின் கதை. பெண்களுக்கென்று கல்லூரி தொடங்க இடம் தேவைப்பட்டபோது, தாம் குடியிருந்த வீட்டையே அவர் ஒழித்துக் கொடுத்தார். வீடு என்றால் நம் பக்கத்தில் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பர்மாத் தேக்கும் ஆத்தங்குடித் தளமும் கொண்டு தலைமுறைக்கென்று கட்டுவது. பங்காளிகள் உரிமைக்கு நிற்பது. பூட்டிக் கிடந்தாலும் விற்க மனம் வராதது. அதை விட்டு எழுந்து போனவர் அவர். 1957 ஏப்ரல் 5இல், 48 வயது நிறைவதற்கு ஒரு நாள் இருக்கும்போது, காலமானார். ஏப்ரல் 6 அவர் பிறந்த நாள். ஆக, நினைவு நாளும் பிறந்த நாளும் எங்களுக்கு அடுத்தடுத்த நாட்களில் வருகின்றன. என் அம்மாவைப் பெற்ற ஆயா, எழுதப் படிக்கத் தெரியாதவர், நான் முதல் நாள் கல்லூரிக்குப் புறப்பட்டபோது அழகப்பர் படத்தை நோக்கிக் கையெடுத்துக் கும்பிடச் சொன்னார். நான் கும்பிட்டேன். இன்று என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கும்பிடச் சொல்லிக் கொடுப்பதில்லை. அந்த வீட்டின் கதையைச் சொல்கிறேன்.

தினமும் வீடு திரும்பும் மாணவிகளுக்கு வளாக வாழ்க்கையே இல்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். எங்களுக்கு அது பேருந்தில் இருந்தது. முன்னே ஏறியவள் பின்னே வருபவளுக்கு இடம் பிடித்து வைப்பாள். தேர்வுக் காலத்தில் ஒருத்தி குறிப்பேட்டைப் படிக்க, கம்பியைப் பிடித்து நிற்கும் மற்ற மூவரும் கேட்டுக்கொண்டே வருவோம். பொருளியல் பாடத்தில் பாதியை நான் கோட்டையூருக்கும் காரைக்குடிக்கும் இடையில்தான் கற்றேன்.

மறுமொழி 4: தேவகோட்டைப் பொறியாளர்

மூத்தவர் என்ற சொல் இந்த இழையில் மிக அழகாக வந்துகொண்டிருப்பதால், அதன் மற்றொரு பக்கத்தையும் ஒரு தந்தைக்குச் சொல்லிவிட வேண்டியது கடமை என்று நினைக்கிறேன்.

நான் 1994இல் வேறு மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. முதல் வாரம் இரவு பத்து மணிக்கு எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். விடியும் வரை உட்காரவோ தண்ணீர் குடிக்கவோ விடவில்லை. என்னுடன் நின்ற பையன் ஒருவன் மறுநாள் காலையிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனவன், பிறகு எந்தக் கல்லூரியிலும் சேரவேயில்லை. காப்பாளரிடம் முறையிட்டபோது எங்களுக்குக் கிடைத்த பதில், ‘இது இங்கே காலங்காலமாக இருக்கும் மரபு’ என்பதே. மரபு என்ற சொல்லை யாராவது காரணமாகக் காட்டினால், இது யாரைத் தாங்குகிறது, யாரை நசுக்குகிறது என்று அன்று முதல் நான் கேட்டுப் பார்க்கிறேன்.

அண்ணாமலை நகரிலும் அந்தக் கொடுமை நேர்ந்திருக்கிறது. 1996இல் அங்கே முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர், மூத்த மாணவர் ஒருவரால் கொலை செய்யப்பட்டது தமிழ்நாட்டையே உலுக்கியது. அதன் பிறகே 1997இல் தமிழ்நாட்டில் பகடிவதை (ராகிங்) தடைச் சட்டம் வந்தது. இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் நம்முடையது. குற்றம் செய்தவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் 10,000 ரூபாய் வரை தண்டமும் அதில் உண்டு. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் விதிமுறைகள் வகுத்தது. சேரும்போது உங்களிடமும் மகளிடமும் உறுதிமொழிப் பத்திரம் வாங்குவது அதன்படிதான். நாடு முழுவதற்குமான உதவி எண் 1800-180-5522. மகளின் கைப்பேசியில் அதைப் பதிந்து கொடுங்கள். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. பிடிக்காத ஒன்றைச் செய்யச் சொன்னால், முடியாது என்று சொல்லும் உரிமையை வீட்டிலேயே கொடுத்து அனுப்பினால், பிள்ளை தயங்காமல் சொல்லும். எனக்கு அதை யாரும் சொல்லி அனுப்பவில்லை. ‘பெரியவர்கள் சொன்னால் கேட்டு நட’ என்று மட்டுமே சொன்னார்கள்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த இரவுக்குப் பிறகு எங்களில் நான்கு பேரைத் தம் அறைக்கு அழைத்துப் பாயை விரித்துப் படுக்க வைத்தவரும் ஒரு மூத்த மாணவரே. அவருக்கு அந்த வரிசையில் நின்று சிரித்தவர்களோடு பகை வந்தது. அதை அவர் ஏற்றுக்கொண்டார்.

மறுமொழி 5: கண்டனூர்க்காரர்

எல்லோருக்கும் நன்றி. மகிபாலன்பட்டி ஐயா சொன்ன பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். 1957 ஏப்ரல் வரவு 40 ரூபாய்; மகமை 1.25 என்றே இருக்கிறது. புதுக் காசில் எழுதிப் பழக்கம் இல்லாததால் முதலில் 1-4-0 என்று எழுதி, அடித்துவிட்டுத் திருத்தியிருக்கிறார். அவர் கை தடுமாறிய இடத்தை முதன்முறையாகப் பார்த்தேன். என் தாயார் ஆத்தாவிடம் காட்டினேன். பார்வை மங்கிவிட்டதால் விரலால் தடவிப் பார்த்தார்.

ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஆர்லிக்ஸ் பாட்டில் பிறகு என்ன ஆயிற்று? நீங்கள் முடித்து வரும்போது அதை யாரிடமாவது ஒப்படைத்தீர்களா?

மறுமொழி 6: மகிபாலன்பட்டித் தமிழாசிரியர் (ஓய்வு)

ஒப்படைத்தேன். இரண்டாம் ஆண்டில் அந்தப் பாட்டில் என் அலமாரிக்கு வந்திருந்தது. 1975இல் முடித்துக் கிளம்பிய அன்று, அடுத்த அறையில் இருந்த விழுப்புரம் பக்கத்துப் பையனிடம் கொடுத்தேன். அவன் நம் சமூகத்தவன் அல்லன், நம் ஊர்க்காரனும் அல்லன். அவனிடம் எத்தனை ரூபாய் இருக்கிறது என்று எண்ணிக் காட்டினேனே தவிர, அதுவரை யார் யாருக்குக் கட்டினோம் என்று சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அவனுக்குப் பிறகு அது யார் கையில் போயிற்று என்ற செய்தி எனக்கு வரவில்லை.

தேவகோட்டைத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தேன். எங்கள் காலத்திலும் புதியவர்களைப் பாடச் சொல்வதும் ஆடச் சொல்வதும் இருந்தது. அப்போது நாங்கள் அதை விளையாட்டு என்றே எண்ணினோம். ஒருவன் அழுதபோதும் சிரித்தோம். அவனிடம் பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் அதற்குப் பல மாதங்கள் ஆயின. இந்த வயதில் அதை மறைத்து வைத்துக்கொண்டு மற்றவற்றை மட்டும் பெருமையாக எழுதுவது முறையாகாது.

உங்கள் மகளுக்கு இன்னும் ஒன்று சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தில் இராசேந்திரன் சிலை இருக்கிறது. 1965 ஜனவரி 27இல், இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போன மாணவர்கள்மீது காவலர்கள் சுட்டதில் உயிர் நீத்த மாணவர் அவர். மொழிப்போர் ஈகியர் வரிசையில் அவரைச் சிவகங்கை இராசேந்திரன் என்று குறிப்பார்கள். நம் மாவட்டத்துப் பிள்ளை. நான் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் அந்த இடத்தில் சற்று நின்றுவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன். அவள் ஒரு முறை நின்று பெயரை வாசித்தால் போதும்.

மறுமொழி 7: கண்டனூர்க்காரர்

நேற்று மாலை மகளிடம் இந்த மறுமொழிகளை எல்லாம் வாசித்துக் காட்டினேன். தகரப் பெட்டியை மீண்டும் இரண்டாங்கட்டில் வைத்துவிட்டோம். கோனாபட்டுப் பெண் சொன்னபடி கொசுவலையும் கைவிளக்கும் வாங்கியாயிற்று. உதவி எண்ணை அவளே பதிந்துகொண்டாள். முடியாது என்று சொல்லும் உரிமையைப் பற்றிப் பேசியபோது, ஆத்தா எங்கள் இருவருக்கும் முன்னால் முந்திக்கொண்டு, ‘பிடிக்காததைச் சொன்னா எந்திரிச்சு வந்துரு ஆத்தா, அப்பத்தா இருக்கேன்’ என்று பேத்தியிடம் சொன்னார்.

சிட்டையைக் கொண்டுபோக மாட்டேன் என்றாள். பழைய தாள், வழியில் கிழிந்துவிடும் என்று அவளுக்குப் பயம். அதற்குப் பதிலாகக் காரைக்குடியில் ஒரு புதிய குறிப்பேடு வாங்கி வந்து, அப்பச்சியின் சிட்டையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, அதே போலக் கோடு போட்டாள். மாதம் 6,000 ரூபாய் அனுப்புவதாகப் பேசியிருக்கிறோம். ரூபாய்க்கு அரையணா என்றால் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. 187 ரூபாய் 50 காசு என்று அவளே கணக்குப் போட்டாள். காசெல்லாம் கைப்பேசி வழியாகவே போகும்போது இதை எங்கே எடுத்து வைப்பது என்று கேட்டாள். அஞ்சலகத்தில் அவள் பெயரில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியை ஆத்தா போட்டுக் கொடுத்தார். கை நடுங்கியதால் சுழி கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அதன் கீழே மகள் ஊரையும் தேதியையும் எழுதி, வரவுக்கு ஒரு வரியை வெற்றாக விட்டுவிட்டு, அடுத்த வரியில் ‘மகமை’ என்று எழுதி வைத்திருக்கிறாள்.